வாசகர் கேள்வி-பதில்: பூட்டிய வீட்டுத் திருட்டை எப்படி எண்ணுவது?

செட்டிநாட்டில் ஆளில்லாத வீடுகளில் நடக்கும் திருட்டு, அதற்கான போலீஸ் கணக்கு, கோர்ட் நடைமுறை, ஆய்வு முறை ஆகியவை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால், எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டும்.

பூட்டிய வீட்டுத் திருட்டைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சேர்த்த எஃப்.ஐ.ஆர்.களை மாதவாரியாகப் பிரித்தால் தையிலும் பங்குனியிலும் எண்ணிக்கை ஏறுகிறது. திருவிழா சமயத்தில் வெளியூர்த் திருடர்கள் வருகிறார்கள் என்று எழுதலாமா?
— ஆய்வு மாணவி, காரைக்குடி

எழுதிவிடாதீர்கள். அந்த மாதங்களில் கூடுவது திருட்டாக இல்லாமல், வீடு திறப்பதாக இருக்கலாம். பொங்கலுக்கும் முன்னோர் படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் பங்காளிகள் ஊருக்கு வந்து முகப்புப் பூட்டைத் திறக்கும்போதுதான், மூன்றாங்கட்டில் பின்கதவு பெயர்ந்து கிடப்பது தெரிகிறது. அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். வழக்கு அந்த மாதக் கணக்கில் ஏறுகிறது. களவு போனது ஆடியிலோ ஐப்பசி மழையிலோ இருக்கலாம்.

எஃப்.ஐ.ஆர். படிவத்தில் 3-ஆம் பத்தியை எடுத்துப் பாருங்கள். சம்பவம் நடந்த நாளுக்கு ‘முதல்’, ‘வரை’ என்று இரண்டு தேதி கேட்டிருக்கும். அதற்குக் கீழே, ஸ்டேஷனுக்குத் தகவல் கிடைத்த நாள் தனியாக இருக்கும். உங்கள் அட்டவணையில் நீங்கள் ஏற்றியிருப்பது பெரும்பாலும் இந்தத் தகவல் கிடைத்த தேதியாகத்தான் இருக்கும். மூன்று தேதிகளையும் தனித்தனிப் பத்தியில் ஏற்றுங்கள். 8-ஆம் பத்தியில் புகார் தாமதமானதற்குக் காரணம் எழுதியிருப்பார்கள். வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்பது பல சமயம் அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது கணக்கு. அக்டோபர் 1-ஆம் தேதி வீடு நன்றாக இருந்தது, ஜனவரி 8-ஆம் தேதி திறந்தபோது உடைந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 நாள். இந்த ஒரு திருட்டை ஜனவரிக்கு முழுதாக 1 என்று கொடுக்காமல், அக்டோபருக்கு 0.31, நவம்பருக்கு 0.30, டிசம்பருக்கு 0.31, ஜனவரிக்கு 0.08 என்று பங்கு போட வேண்டும். எல்லா வழக்கையும் இப்படிப் பிரித்து மாதவாரியாகக் கூட்டுங்கள். இதற்கு எயோரிஸ்டிக் பகுப்பாய்வு என்று பெயர். குற்றவியலாளர் ஜெர்ரி ராட்கிளிஃப் இதைப் பரவலாக்கினார்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இடைவெளி 200 நாள், 300 நாள் என்று நீண்ட வழக்குகள் அதிகமாக இருந்தால், எல்லா மாதமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ‘திருட்டுக்குப் பருவமே இல்லை’ என்று எழுதினால் அதுவும் தப்பு. இடைவெளி 30 நாளுக்குள் இருக்கும் வழக்குகளை மட்டும் எடுத்து ஒருமுறை, எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை என இரண்டு தடவை செய்யுங்கள். 30 நாளுக்குள் தெரியவந்தவை பெரும்பாலும் காவலுக்கு ஆள் வைத்த வீடுகளாக இருக்கும் என்பதையும் ஆய்வில் சொல்லிவிடுங்கள்.

இடைவெளியைக் குறுக்க வழி உண்டு. வீட்டைக் கூட்ட வரும் அம்மா கடைசியாக எப்போது வந்தார், தோட்டத்தில் தேங்காய் பறித்தது எப்போது, மின் ரீடிங் எடுக்க வந்தவர் எப்போது வந்தார் என்று கேட்டு எழுதுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆனால் ரீடிங் எடுப்பவர் பார்ப்பது முகப்பை மட்டும்தான். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. எஃப்.ஐ.ஆரில் முன்வாசல் முகவரி இருக்கும், திருடன் புகுந்தது பின்தெரு வழியாக இருக்கும். வரைபடத்தில் புள்ளி வைக்கும்போது முன்வாசல், உடைந்த வாசல் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். இல்லாவிட்டால், எந்தத் தெருவில் விளக்கு போட வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் ஆய்வு தவறான தெருவைக் காட்டும்.

லட்சம் பேருக்கு இத்தனை திருட்டு என்று பத்திரிகையில் போடுகிறார்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில்தான் ஆள் இருக்கிறது. அந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்துமா?
— வாசகர், கண்டனூர்

பொருந்தாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் குற்ற விகிதத்தை மக்கள்தொகையை வைத்துப் போடுகிறது. அந்த மக்கள்தொகையும் 2011 கணக்கெடுப்பிலிருந்து கணித்து நீட்டிய எண். கொலைக்கும் வழிப்பறிக்கும் அது சரி. பூட்டு உடைக்கும் திருட்டில் ஆபத்துக்கு உள்ளாவது வீடு, ஆகவே வகுக்க வேண்டியதும் வீட்டு எண்ணிக்கையால்தான்.

ஓர் உதாரணம், எண்கள் கற்பனை. இரண்டு ஊரிலும் 1,000 பேர். ஓர் ஊரில் 250 வீடு, எல்லாவற்றிலும் ஆள் உண்டு. மற்றதில் 900 வீடு, அதில் 650 பூட்டியவை. இரண்டிலும் வருஷத்துக்கு 9 திருட்டு. மக்கள்தொகைக் கணக்கில் இரண்டு ஊரும் ஒன்று. வீட்டுக் கணக்கில் முதல் ஊரில் ஆயிரத்துக்கு 36, இரண்டாவதில் 10. அந்த 9-ம் பூட்டிய வீட்டில் மட்டுமே நடந்திருந்தால், பூட்டிய வீட்டுக்கு ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட 14, ஆள் இருக்கும் வீட்டுக்குப் பூஜ்யம். ஒரே 9-தான், ஆனால் போலீஸ் ரோந்து எங்கே போக வேண்டும் என்பதற்கு மூன்று கணக்கும் மூன்று பதில் சொல்கின்றன.

1979-ல் லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற இருவர் இதைக் கோட்பாடாகவே வைத்தார்கள். திருட நினைப்பவன், எடுக்கத் தகுந்த பொருள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கிறது என்றார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் பகலில் வீடுகள் காலியாகக் கிடக்கத் தொடங்கியதை வைத்து, அங்கே வீட்டுத் திருட்டு கூடியதை விளக்கினார்கள். வெறும் வறுமையை மட்டும் காரணம் காட்டும் பேச்சுக்கு இது நல்ல மாற்று.

வீட்டு எண்ணிக்கைக்கு நகரத்தார் கோயிலின் புள்ளிக் கணக்கை எடுக்காதீர்கள். புள்ளி என்பது குடும்பக் கணக்கு. ஒரே வளவு வீட்டுக்குள் பத்துப் புள்ளிக்குப் பங்கு இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் அட்டவணைகளில் குடியிருக்கும் வீடும் காலி வீடும் தனித்தனியாக உண்டு. அதிலிருந்து தொடங்கி, தெருத் தெருவாக நடந்து சரிபார்ப்பதுதான் வழி.

ஐயா காலத்து வீடு. பூட்டை உடைத்துப் பித்தளை அண்டா, தவலை, மங்குச் சாமான், வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். அது போதாதா? இனிமேல் எழுதிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்கிறான் பேரன்.
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

போதாது ஆச்சி. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் முறைப்படி விசாரணை தொடங்கும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும், நாட்டின் குற்றக் கணக்கில் உங்கள் வீடு ஏறும். சீட்டோடு நின்றுவிட்டால், கணக்குப்படி கானாடுகாத்தானில் அந்தத் திருட்டு நடக்கவே இல்லை.

பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்து தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று, லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டம், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணைக்கு இடம் கொடுக்கிறது. உங்கள் வழக்கு அதில் வராது. குடியிருப்பில் திருடுவதற்கு ஏழு ஆண்டு வரையும், இரவில் பூட்டை உடைத்துப் புகுந்து திருடுவதற்குப் பதினான்கு ஆண்டு வரையும் தண்டனை உண்டு.

புகாரின் முதல் வரியிலேயே ‘பூட்டை உடைத்து உள்ளே புகுந்து’ என்று எழுதுங்கள். ‘பழைய பாத்திரம் கொஞ்சம் காணோம்’ என்று எழுதினால் வெறும் திருட்டாகிவிடும். வெறும் திருட்டில் பொருள் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்குள் அது போக இடமிருக்கிறது.

ஸ்டேஷனில் மறுத்தால், அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடலாம். இந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவு சொல்கிறது. பேரன் வெளியூரில் இருந்தால் மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம்.

இனி முக்கியமான இடம். படிவத்தின் 9-ஆம் பத்தியில் களவு போன பொருள்களின் விவரம் எழுத வேண்டும். ‘பித்தளைச் சாமான்கள், மதிப்பு இவ்வளவு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், நாளைக்கு உங்கள் தவலையே எதிரில் வந்தாலும் உங்களுடையது என்று நிரூபிப்பது கஷ்டம். ஒவ்வொன்றாக எழுதுங்கள்: தவலை ஒன்று, இத்தனை கிலோ, வாய் இத்தனை அங்குலம், கழுத்துக்குக் கீழே குடும்ப விலாசம் (தலைப்பெழுத்துகள்) வெட்டியது, அடியில் ஒட்டுப் போட்ட தடம். வெட்டிய எழுத்துகளை, புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பது முதற்கொண்டு, அப்படியே வரைந்து கொடுங்கள். நகையானால் ‘40 சவரன்’ என்று மொத்தமாகச் சொல்லாமல், கழுத்திரு, வளையல், தோடு என்று எடையோடு தனித்தனியாகச் சொல்லுங்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதிய சிட்டையும், எடுத்த போட்டோவும் இருந்தால் நகலை இணையுங்கள்.

திருடியவர்கள் எழுத்தை அரம் வைத்துத் தேய்த்திருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். உளி வைத்து அடிக்கும்போது மேல்பரப்பு மட்டும் அல்ல, அதற்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் எழுத்தைத் தேய்த்தாலும் அந்த நசுங்கல் கொஞ்சம் தங்கியிருக்கும். தடய அறிவியல் ஆய்வகத்தில் அந்த இடத்தை வழவழப்பாக்கி, பித்தளையானால் ஃபெரிக் குளோரைடு கரைசல் போன்ற அரிக்கும் மருந்தைத் தடவுவார்கள். நசுங்கிய இடம் சுற்றியுள்ள இடத்திலிருந்து வேறுபட்ட வேகத்தில் அரிக்கும்போது எழுத்து மங்கலாக எழும்பும். மிக ஆழமாகத் தேய்த்திருந்தால் வராது. மீட்ட பாத்திரத்தை அடையாளம் காட்டக் கூப்பிட்டால், பாசத்தில் வாங்கிப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள் ஆச்சி. ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி எழுதிக் கொடுங்கள்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை. கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடித்தால் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிடாமல், ஒப்புதல் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேப மனு கொடுங்கள். பொருள் கிடைத்துக் கோர்ட்டுக்கு வந்துவிட்டால், 14 நாளுக்குள் அதை விவரித்துப் பட்டியல் போட்டுப் படம் எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிட வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 497-ஆம் பிரிவு. வழக்கு முடியும்வரை குத்துவிளக்கு கோர்ட் அறையில் கிடக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஆளே இல்லை, பூட்டை உடைத்து எடுத்துப் போனார்கள். பத்திரிகையில் ‘கொள்ளை’ என்று போட்டார்கள், எஃப்.ஐ.ஆரில் அந்தச் சொல்லே இல்லை. வழக்கைக் குறைத்துவிட்டார்களா?
— வாசகர், புதுவயல்

இல்லை. யாரையும் அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் சட்டப்படி கொள்ளை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்து எடுப்பது கன்னக்களவு.

ஆய்வு செய்பவர்களுக்கு இதில் இன்னொரு எச்சரிக்கை. பழைய இ.பி.கோ. 457, 380 பிரிவுகளில் வந்த வழக்கு, 2024 ஜூலை 1 முதல், இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 331(4), 305 பிரிவுகளில் வருகிறது. பிரிவு எண்ணை வைத்துத் தேடினால் அந்த நாளோடு கன்னக்களவே நின்றுபோன மாதிரி வரைபடம் விழும். சங்கிலிப் பறிப்பு போன்ற பறிப்புக்கு முன்பு தனிப் பிரிவே கிடையாது, இப்போது 304 இருக்கிறது. அதில் புதிதாக ஏறும் எண், புதிதாக நடக்கும் குற்றம் ஆகாது.

ஒரே சம்பவத்தில் பல குற்றம் இருந்தால் அதிகத் தண்டனை உள்ளதை மட்டுமே தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கில் எடுக்கும். திருட வந்தவன் காவலாளியைக் கொன்றிருந்தால் அது கொலையில் ஏறும், திருட்டில் ஏறாது.

தரவை எங்கிருந்து எடுப்பது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ‘தொகுத்துத் தர இயலாது’ என்று பதில் வருகிறது.
— இளம் வழக்கறிஞர், தேவகோட்டை

கேட்கும் விதத்தை மாற்றுங்கள். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், பெயர்கள் கேட்காதீர்கள். இன்ன ஸ்டேஷன், இன்ன ஆண்டு, இன்ன பிரிவு என்று குறிப்பிட்டு, வழக்கு எண், சம்பவ நாள் முதல்–வரை, தகவல் கிடைத்த நாள், இறுதி அறிக்கையின் வகை ஆகிய நான்கை மட்டும் கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு ஸ்டேஷன், மூன்று ஆண்டு போதும். மனுவில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் சரி. தொகுக்க முடியாது என்றால், 2(j) பிரிவின் கீழ் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்றவை அதில் வராது. ஆகவே வரிசை எண்ணில் இடையே சில எண் காணாமல் இருக்கும். அதை மறைத்த வழக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, கோர்ட் வழக்கு விவரம் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் ஸ்டேஷன் பெயரும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் கொடுத்துத் தேடி, ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 எழுத்துள்ள சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலைமறைவானால் வழக்கைப் பிரித்துப் புது எண் கொடுப்பார்கள். ஓர் எஃப்.ஐ.ஆருக்கு இரண்டு மூன்று வழக்கு எண் வருவது அதனால்தான். வழக்கு எண்ணை எண்ணாமல் எஃப்.ஐ.ஆர். எண்ணை எண்ணுங்கள். தண்டனை விகிதம் என்று வெளியாவதும் விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனைக்குத் தண்டனை என்பதுதான். கண்டுபிடிக்க முடியாமல் மூடியவையும், இன்னும் வாய்தாவில் இருப்பவையும் அதில் இல்லை.

மதுரை மத்திய சிறையில் திருட்டு வழக்குக் கைதிகளைப் பேட்டி எடுக்க நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?
— சமூகப்பணி மாணவர், பள்ளத்தூர்

முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, பிறகு சிறைத்துறைத் தலைமையின் எழுத்து அனுமதி.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, உங்களிடம் சொல்வதற்குக் கிடையாது. கோர்ட் கேட்டால் உங்கள் குறிப்பேட்டைக் கொடுக்க நேரிடும். அதோடு, இரவில் பூட்டை உடைத்துப் புகுவது உள்ளிட்ட சில குற்றங்களைப் பற்றித் தெரிந்த எவரும் தகவல் கொடுக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 33-ஆம் பிரிவு. ஆகவே பிடிபடாத திருட்டைப் பற்றிக் கேட்கவே கூடாது. ‘இன்னும் எத்தனை வீடு?’ என்று கேட்பது அவரையும் உங்களையும் மாட்டிவிடும். ‘ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள்?’ என்று பொதுவாகக் கேளுங்கள். இதையெல்லாம் ஒப்புதல் வாங்கும் முன்பே அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ 19-ஆம் பிரிவுப்படி மறைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சிறையில் இருப்பவர்கள் பிடிபட்டவர்கள். பிடிபடாதவர்களும் இப்படித்தான் செய்வார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

வீட்டுச் சாமானைப் படம் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அதனால் நிஜமாகவே பலன் உண்டா?
— வாசகி, கோத்தமங்கலம்

உண்டு, அதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் பூட்டியே கிடந்தது. 2006 வாக்கில் களவு போன சிலைகள் இல்லை என்பதே 2008-ல்தான் தெரிந்தது. அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த படங்களோடு ஒப்பிட்டுத்தான் அது இன்ன சிலை என்று உறுதியானது. 2014 செப்டம்பரில் திரும்பி வந்தது. கலை வரலாற்று ஆய்வுக்காக எடுத்த படம், குற்ற வழக்கில் சான்றாக நின்றது.

1997-ல் வெளியான ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற சர்வதேச முறையை வீட்டிலும் பின்பற்றலாம். பொருளின் வகை, செய்த உலோகம் அல்லது மரம், அளவு, எழுத்து, குறி, தனி அடையாளம் ஆகியவற்றை எழுதுங்கள். முன், பின், அடி என மூன்று படம், பக்கத்தில் ஓர் அடிக்கோல். வெயில் நேராக விழாத வளவு முற்றத்து வெளிச்சம் நல்லது, ஃபிளாஷ் பித்தளையில் பட்டு எழுத்தை மறைத்துவிடும். எழுத்து வெட்டிய இடத்தை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துத் தனியாக எடுங்கள். புது நிலைக்கதவும் பழைய நிலைக்கதவும் படத்தில் ஒன்று போல இருக்கும். பழையதில் விரிசல், செதுக்கலில் உடைந்த மூக்கு, மாற்றிய கீல் எங்கே இருக்கிறதோ அதைப் படம் எடுங்கள். திரும்பக் கிடைக்கும்போது அடையாளம் காட்ட உதவுவது அந்த உடைசல்தான்.

பட்டியலில் ஒரு பிரதி பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். அதையும் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள்.